உங்கட சுத்தம், எங்கட கோப்பு

மென்பொருள் உலகத்தில் கேள்வி கேட்காமல் வாசலைத் திறந்துவிடுகிற ஒரு சொல் இருக்கிறது: ரீஃபக்டரிங். ஒரு மாற்றத்தின் மேலே "புதிய வசதி" என்று எழுதியிருந்தால் நாலு பேர் வந்து சண்டை பிடிப்பார்கள். "பிழைதிருத்தம்" என்று எழுதியிருந்தால் என்ன பிழை, டெஸ்ட் எங்கே என்று கேட்பார்கள். "ரீஃபக்டரிங்", "கிளீனப்" எண்டு போட்டால் மட்டும் எல்லாருக்கும் மனம் இளகிவிடும். வீடு கூட்டுகிற ஆளை யார் மறிப்பது? வரிகள் குறைந்திருக்கு, பெயர்கள் ஒழுங்காகியிருக்கு, டெஸ்ட் எல்லாம் பச்சை. ஒரு கட்டைவிரல், ஒரு "நல்லா இருக்கு", மேர்ஜ். முடிஞ்சுது.

இந்தக் கட்டுரை அந்த மனம் இளகலுக்கு எதிரானது. குறிப்பாக, கொன்பிக் கோப்புகளை வாசிக்கும் நிரலில் கை வைக்கும் இடத்தில். அந்த இடத்தில் ரிவியூ பண்ணுகிறவர் முதலில் பார்க்கவேண்டியது யாரோ ஒரு முகம் தெரியாத ஆளின் கணினியில் ஏற்கெனவே கிடக்கிற கோப்பை. நிரலின் அழகு அதற்குப் பிறகுதான். நேற்று வேலை செய்த அந்தக் கோப்பு இன்று வேலை செய்யவில்லை என்றால், நடந்ததற்கு ரீஃபக்டரிங் என்று பெயர் வைக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. அது உடைப்பு. உடைக்கவேண்டிய நேரமும் வரும், அது வேற கதை. ஆனால் உடைப்பை உடைப்பு எண்டு சொல்லித்தான் உடைக்கவேணும்.

மார்ட்டின் ஃபௌலர் 1999 இல் இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய வரைவிலக்கணம் சிக்கலானதல்ல: வெளியிலிருந்து பார்க்கும்போது தெரிகிற நடத்தையை மாற்றாமல், உள்ளமைப்பை மட்டும் திருத்துவது. இதில் "திருத்துவது" எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. "நடத்தையை மாற்றாமல்" என்ற பகுதியைத்தான் வசதியாக மறந்துவிட்டோம்.

கொன்பிக் கோப்பு யாருடையது?

மென்பொருளோடு அதிகம் புழங்காதவர்களுக்காக ஒருக்கா சொல்லிவிடுகிறேன். கொன்பிக் கோப்பு என்பது, ஒரு மென்பொருள் தன்னிடத்தில் எப்படி நடக்கவேண்டும் என்று பயன்படுத்துகிறவர் எழுதிவைக்கும் சின்ன எழுத்துக் கோப்பு. எந்தத் தரவுத்தளம், எந்தப் போர்ட், என்ன பெயர், என்ன மொழி, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம். அவ்வளவுதான். ஒருதரம் எழுதிவிட்டால் பிறகு அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. வருடக்கணக்கில் அது தன்பாட்டில் கிடக்கும்.

நிரலின் மற்றப் பகுதிகளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. உள்ளே ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றினால், அதை அழைக்கிற இடங்களைத் தேடிப்பிடித்து எல்லாவற்றையும் மாற்றலாம். எல்லாம் ஒரே ரெப்போவில் இருக்கும். விட்டுப்போனால் டெஸ்ட் கத்தும். கொன்பிக் கோப்பில் வருகிற ஒரு சொல்லை மாற்றினால்? அதை எழுதியவர் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூட லாப்பில் இருக்கலாம், நைரோபியில் ஒரு வைத்தியசாலையில் இருக்கலாம், எழுதிவிட்டு வேலையை விட்டுப் போயும் இருக்கலாம். உங்களுடைய தேடல் கட்டளைக்கு அந்த ஆள் அகப்படமாட்டார். ரிவியூ நடக்கும் இடத்தில் அவருக்குக் கதிரை இல்லை. அவர் சார்பாகக் கதைக்கக்கூடிய ஒரே ஆள் ரிவியூவர்தான். அவரும் "நல்லா இருக்கு" எண்டு போய்விட்டால் வேறு ஆள் இல்லை.

ஒரு நாள் கூத்து: 2025 மார்ச் 24

பொதுவாகக் கதைத்தால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒரு உண்மைக் கதையை எடுப்போம்.

பைதனில் எழுதிய மென்பொருளைப் பக்கேஜாகக் கட்டிப் பகிர உதவும் பழைய, மிகப் பரவலான கருவி செட்டப்டூல்ஸ். பக்கேஜின் பெயர், பதிப்பு, விவரம் எல்லாவற்றையும் "செட்டப்.சிஎஃப்ஜி" என்ற கொன்பிக் கோப்பில் எழுதிவைக்கலாம். 2025 மார்ச் 24 அன்று செட்டப்டூல்ஸின் 78 ஆம் பதிப்பு வந்தது. அதில் ஒரு மாற்றம்: இனிமேல் அந்தக் கோப்பில் உள்ள புலப் பெயர்களில் சிறுகோடு வரக்கூடாது, அடிக்கோடு மட்டும்தான். ஆங்கிலப் பெரிய எழுத்தும் ஆகாது. அதாவது "டெஸ்கிரிப்ஷன்-ஃபைல்" என்று எழுதியிருந்தால் பிழை, "டெஸ்கிரிப்ஷன்_ஃபைல்" என்று எழுதியிருந்தால் சரி. பிழை என்றால் வெறும் எச்சரிக்கை இல்லை. கட்டுமானம் அந்த இடத்திலேயே நிற்கும், பக்கேஜ் இன்ஸ்டோல் ஆகாது.

அண்டைக்கே பல இடங்களில் கட்டுமானங்கள் விழத் தொடங்கின. தங்கள் நிரலில் ஒரு எழுத்தையும் தொடாத ஆட்கள், நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். முறைப்பாடுகள் குவிந்தன. அதே நாளில் 78.0.2 பதிப்பு வந்து, அந்த நீக்கத்தை ஒத்திவைத்தது. 2026 க்கு முன்னர் உங்கள் கோப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள் என்று புதிய கெடுவும் கொடுத்தது.

சரி, பின்வாங்கினார்கள்தானே, பிறகென்ன பிரச்சினை என்று கேட்கலாம். பின்வாங்கிய வேகத்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் எனக்கு முக்கியம் அதற்கு முன்னர் நடந்தது. இப்படி ஒரு மாற்றம் ரிவியூவைத் தாண்டி வெளியே வரும்வரைக்கும் "இது யாருடைய கோப்பை உடைக்கும்?" என்ற கேள்விக்கு இருந்த எடை போதாது. அது ஏன் போதாமல் போகிறது என்றுதான் நாங்கள் கதைக்கவேண்டும்.

சிறுகோடு எங்கிருந்து வந்தது?

அந்தச் சிறுகோட்டை எழுதினவர்கள் ஒன்றும் விதியை மீறினவர்கள் இல்லை. செட்டப்டூல்ஸுக்கு முன்னோடியான டிஸ்ட்யூட்டில்ஸ் 2000 ஆம் ஆண்டளவில் பைதனோடு சேர்ந்து வந்தது. கொன்பிக் கோப்பை வாசிக்கும்போது பெயரில் சிறுகோடு இருந்தால் அதை அடிக்கோடாக மாற்றிவிடும் ஒரே ஒரு வரி அதற்குள் இருந்தது. ஆகவே இரண்டு விதமாகவும் எழுதலாம், இரண்டும் ஓடும். ஆட்கள் இரண்டு விதமாகவும் எழுதினார்கள். ஒரு தலைமுறை வழிகாட்டிக் கட்டுரைகள் சிறுகோட்டோடு எழுதிக்காட்டின. அதைப் பார்த்து அடுத்த தலைமுறை எழுதியது. இருபது வருடத்துக்கு மேல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்றை "பழைய பிழை" என்று சொல்ல முடியுமா? அது வழக்கம். மொழியிலும் அப்படித்தானே, ஊர் முழுக்க இருபது வருசம் ஒரு சொல்லைப் பாவித்தால் அகராதிக்காரர்தான் இறங்கிவரவேணும்.

மாற்றியவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. அதை மறைத்துவிட்டு வாதாடுவது சரியல்ல. செட்டப்.சிஎஃப்ஜியின் சில பகுதிகளில் இடப்பக்கம் வருவது புலத்தின் பெயர் அல்ல, பயன்படுத்துகிறவர் தானே வைக்கும் பெயர். மேலதிகத் தேவைகளுக்கு வைக்கும் குழுப் பெயர்கள் அப்படியானவை. அங்கே சிறுகோட்டைத் தன்னிச்சையாக அடிக்கோடாக்கினால் பெயரே மாறிப்போகும். அது உண்மையான பிழை. 2021 இல் 54.1 பதிப்பில் அந்தப் பகுதிகளுக்கு மாற்றத்தை நிறுத்தினார்கள். அதே பதிப்பில், சிறுகோடு பாவித்தால் எதிர்காலத்தில் ஆதரவு இல்லை என்ற எச்சரிக்கையையும் சேர்த்தார்கள். முதலாவது வேலை சரியான பிழைதிருத்தம். இரண்டாவதற்கு அந்தப் பிழையோடு ஒரு கட்டாயத் தொடர்பும் இல்லை. எங்கே வலித்ததோ அங்கே மருந்து போட்டாயிற்று. மிச்ச உடம்பையும் ஏன் வெட்டவேணும்?

"நாலு வருசமாச் சொன்னோமே!"

இந்த மாதிரி உடைப்பு நடக்கும்போதெல்லாம் வருகிற முதல் பதில் இதுதான். 2021 இலேயே எச்சரிக்கை கொடுத்தோம், 2025 வரை பொறுத்தோம், இன்னும் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

நான் கேட்பது ஒன்றுதான். யாருக்குச் சொன்னீர்கள்?

அந்த எச்சரிக்கை வருவது பக்கேஜைக் கட்டும் நேரத்தில். கட்டும் நேரம் என்பது பெரும்பாலும் யாரோ ஒருவர் "பிப் இன்ஸ்டோல்" அடிக்கிற நேரம். பிப் என்ன செய்கிறது? கட்டுமானம் வெற்றியாக முடிந்தால் அதன் உள்வெளியீட்டைக் காட்டாது. விரிவாகக் காட்டு என்று தனியாகக் கேட்டால்தான் காட்டும். ஆகவே நாலு வருடமாக அந்த எச்சரிக்கை ஒரு மூடிய அறைக்குள் கத்திக்கொண்டிருந்தது. அப்படியே யாராவது அதைக் கண்டிருந்தாலும், கண்டவர் இன்ஸ்டோல் பண்ணுகிறவர். கோப்பை எழுதினவர் இல்லை. அவரால் அதைத் திருத்த ஏலாது. எழுதினவரோ கடைசியாகப் பக்கேஜைக் கட்டியது 2016 இல் என்று வையுங்கள். 2021 இல் பிறந்த எச்சரிக்கை அவருக்கு எப்படிக் கேட்கும்?

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. எழுதினவர் மனம் வைத்தாலும் பழைய பதிப்பைத் திருத்த முடியாது. பைதன் பக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் ஒருதரம் ஏற்றிய கோப்பை அதே பெயரில் மாற்றி ஏற்ற முடியாது. அது பாதுகாப்புக்காக வைத்த நல்ல விதி. அவர் செய்யக்கூடியது புதிய பதிப்பு ஒன்றை வெளியிடுவதுதான். ஆனால் பழைய பதிப்பைத்தான் வேண்டும் என்று குறித்துவைத்திருக்கும் எல்லாருக்கும் அந்தப் பழைய கோப்பு, அந்தச் சிறுகோட்டோடு, அப்படியேதான் வரும்.

"அப்ப செட்டப்டூல்ஸின் பழைய பதிப்பைப் பூட்டிவைக்க வேண்டியதுதானே?" அதுவும் நினைக்கிற அளவுக்கு இலகு இல்லை. இன்றைய பிப் மூலக் கோப்பிலிருந்து ஒரு பக்கேஜைக் கட்டும்போது, பெரும்பாலும் அதற்கெனத் தனியான ஒரு தற்காலிகச் சூழலை உருவாக்கும். அதற்குள் புதிதாக ஒரு செட்டப்டூல்ஸை இறக்கும். பக்கேஜ் வேறு எதுவும் சொல்லவில்லை என்றால் வருவது ஆகப் புதியது. உங்களுடைய தேவைப்பட்டியலில் என்ன பதிப்பைப் பூட்டி எழுதியிருந்தாலும் அந்தத் தற்காலிகச் சூழலுக்கு அது பொருட்டில்லை. வேறு வழிகள் உண்டு, ஆனால் அவற்றைத் தெரிந்துவைத்திருப்பவர் ஏற்கெனவே இந்தத் துறையில் ஊறியவர். இறுதியாண்டுப் புரொஜெக்டை நாளைக்குக் காட்டவேண்டிய கம்பஸ் பெடியனுக்கு அது எப்படித் தெரியும்?

இதையும் சேர்த்து யோசியுங்கள். பெரிய, காசுள்ள, பராமரிப்பு உள்ள பக்கேஜ்களில் அநேகமானவை முன்கூட்டியே கட்டி முடித்த வடிவத்தில் கிடைக்கின்றன. அவற்றை இறக்கினால் செட்டப்.சிஎஃப்ஜி வாசிக்கப்படவே மாட்டாது. அடி விழுவது அப்படிக் கட்டிக் கொடுக்காமல் மூலக் கோப்பாக மட்டும் கிடக்கும் பக்கேஜ்களில். அவற்றில் கனக்க பழையவை, சின்னவை, ஒருவர் இரண்டு பேர் எழுதியவை, கைவிடப்பட்டவை. ஒரு ஆய்வுக்காக எழுதிப்போட்ட கருவி, ஒரு மொழிக்கான சின்ன எழுத்து மாற்றி, ஒரு பழைய சென்சருக்கான துணைநிரல். சுத்தம் செய்ததன் செலவு ஆகவும் ஏலாத ஆட்களின் தலையில் போய் இறங்குகிறது.

விடை தெரிந்த வாத்தியார்

இனி அந்தப் பிழைச்செய்தியைப் பாருங்கள். அதன் சாரம் இது: "டெஸ்கிரிப்ஷன்-ஃபைல்" என்ற சிறுகோட்டுப் பெயர் செல்லாது, "டெஸ்கிரிப்ஷன்_ஃபைல்" என்ற அடிக்கோட்டுப் பெயரைப் பாவியுங்கள்.

அதாவது நிரலுக்கு விடை தெரியும்! நீங்கள் என்ன சொல்ல வந்தீர்கள் என்று அதற்குச் சந்தேகமே இல்லை. சரியான சொல்லைத் தானே உருவாக்கி, அழகாக அச்சடித்துக் காட்டிவிட்டு, பிறகு வேலை செய்ய மறுக்கிறது. குழப்பம் இருந்தால் நிறுத்து, அது நேர்மை. குழப்பமே இல்லாத இடத்தில் நிறுத்துவதற்கு என்ன பெயர்?

இன்னும் ஒரு கூத்து. அந்த "டெஸ்கிரிப்ஷன்-ஃபைல்" என்ற வரியை செட்டப்டூல்ஸ் எதற்கும் பயன்படுத்துவதில்லை. அந்தப் பெயரில் அதற்கு ஒரு புலமே கிடையாது. தெரியாத பெயர் என்று அமைதியாகத் தாண்டிப்போகும். பழைய வழிகாட்டிகளில் இருந்ததால் ஆட்கள் எழுதிவைத்த வரி அது. தான் ஒருநாளும் வாசிக்காத ஒரு வரியின் எழுத்துப்பிழைக்காக முழுப் பக்கேஜையும் கட்ட மறுத்தது அந்தப் பதிப்பு.

எங்கட ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழில் பெயருக்கு 'வி', அடையாள அட்டையில் 'டபிள்யூ'. அல்லது எங்கேயோ ஒரு 'எச்' கூடிப்போச்சு. தமிழில் எழுதினால் ஒரே பெயர்தான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கும் அது ஒரே ஆள் எண்டு நல்லாத் தெரியும். ஆனாலும் "மாத்திக்கொண்டு வாங்கோ" எண்டு திருப்பி அனுப்புவார். சத்தியக்கடதாசி, கிராம சேவகரின் கடிதம், இன்னொரு நாள் லீவு, இன்னொரு பஸ். பதிவேடு சுத்தமாகத்தான் இருக்கும். அந்தச் சுத்தத்துக்கான பஸ் காசு யார் கொடுத்தது? கணினி நிரல் எழுதும்போது நாங்களே கவுண்டருக்கு அந்தப் பக்கம் போய் இருந்துகொள்கிறோம் என்பதுதான் எனக்குக் கவலை.

"இலவசமாச் செய்யிறவனிட்ட இவ்வளவு கேட்கிறதா?"

இது நியாயமான எதிர்வாதம். திறந்த மூல மென்பொருளைப் பராமரிப்பவர்களில் கனபேர் தங்கள் சொந்த நேரத்தில் செய்கிறார்கள். உலகமே பாவிக்கும் கருவிகளை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் தாங்குகிறார்கள். பழைய வழக்கங்களை எல்லாம் என்றென்றும் சுமக்கச் சொல்வது கொடுமை. உடைந்த அன்று வந்து அவர்களைத் திட்டியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் சுமை என்றால் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கவேண்டும். சில பழைய ஆதரவுகள் உண்மையிலேயே பாரம்: பாதுகாப்பு ஓட்டையைத் திறந்துவைக்கும், புதிய வசதியை மறிக்கும், ஒவ்வொரு மாற்றத்திலும் குறுக்கே நிற்கும். அவற்றை உடைக்கத்தான் வேண்டும். பிஎச்பி 2002 இல் 4.2 பதிப்பில் வெளியிலிருந்து வரும் மதிப்புகளைத் தானாகவே உலகளாவிய மாறிகளாக்கும் அமைப்பை இயல்புநிலையில் நிறுத்தியது. கனக்கத் தளங்கள் உடைந்தன. ஆனாலும் அது சரி, ஏனென்றால் அது திருடனுக்குத் திறந்துவிட்ட கதவு. சிறுகோட்டை அடிக்கோடாக்குவது அப்படியா? ஒரு வரி. அந்த ஒரு வரியைச் சுமப்பதற்கும், அதை எடுத்ததால் வந்த முறைப்பாடுகளுக்கும் அவசர வெளியீட்டுக்கும் பதில் சொல்வதற்கும் இடையில் எது பாரம்? பராமரிப்பவரின் களைப்பைக் குறைக்கத்தான் சுத்தம் செய்கிறோம் என்றால், மார்ச் 24 அன்று அவர்களுடைய களைப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

ஆக, இது பராமரிப்பவருக்கும் பயனருக்கும் இடையிலான சண்டை இல்லை. நல்ல ரிவியூ இரண்டு பேரையும் காப்பாற்றும்.

செய்யலாம் என்று காட்டினவர்கள்

கிட் மென்பொருளை எடுங்கள். நெடுங்காலமாக அதன் தனிப்பட்ட கொன்பிக், பயனரின் ஹோம் அடைவில் "டொட் கிட்கொன்பிக்" என்ற பெயரில் இருந்தது. கொன்பிக் கோப்புகளை எல்லாம் "டொட் கொன்பிக்" என்ற ஒரே அடைவுக்குள் வைக்கலாம் என்ற பொது வழக்கம் லினக்ஸ் உலகில் பரவியபோது, கிட்டும் அதற்கு மாறவேண்டியிருந்தது. 2012 இல் 1.7.12 பதிப்பில் அது வந்தது. செய்தவர்கள் யார் தெரியுமா? பிரான்சின் கிரனோபிள் நகரத்து என்சிமாக் கல்லூரி மாணவர்கள்.

அவர்கள் செய்த முறையைக் கவனியுங்கள். முதல் மாற்றம்: புதிய இடத்திலிருந்து வாசிக்க மட்டும் செய், எழுதாதே. பிறகு தனியாக இன்னொரு மாற்றம்: பொருத்தமான நேரத்தில் மட்டும் புதிய இடத்தில் எழுது. பொருத்தமான நேரம் என்றால் என்ன? பழைய கோப்பு இல்லாமல், புதிய கோப்பு இருந்தால் மட்டும். இரண்டும் இருந்தால் இரண்டும் வாசிக்கப்படும். முரண்பட்டால் பழைய கோப்பில் இருப்பது வெல்லும். இன்றைக்கும் 2008 இல் எழுதிய கிட்கொன்பிக் கோப்பை ஹோம் அடைவில் கொண்டுவந்து போட்டால் கிட் அதை எடுத்து வாசிக்கும். ஒருவரும் கெடு விதிக்கவில்லை, ஒருவரும் மிரட்டவில்லை. ரிவியூ பண்ணுவதற்கும் எவ்வளவு வசதி பாருங்கள்! ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது.

அப்பாச்சி வெப்சேர்வர் 2012 இல் 2.4 பதிப்புக்குப் போனபோது அனுமதி விதிகளை எழுதும் முறையையே மாற்றியது. "ஓர்டர், அலவ், டினை" போய் "ரிக்வயர்" வந்தது. இது சின்ன மாற்றம் இல்லை. ஆனால் பழைய முறைக்கு ஆதரவைத் தனி மொட்யூல் ஒன்றில் எடுத்து வைத்தார்கள். மையநிரல் சுத்தமாகவும் இருந்தது, பழைய கோப்பும் ஓடியது. சுத்தமும் உடன்படிக்கையும் ஒன்றாக இருக்க ஏலாது எண்டு சொல்லுகிறவர்கள் இதைப் போய்ப் பார்க்கவேணும்.

எங்கட நாட்டிலும் ஒரு உதாரணம் இருக்கிறது. கொழும்பில் பிறந்த டபிள்யூஎஸ்ஓ2 வின் திறந்த மூல மென்பொருட்களில் முன்பு அமைப்புகள் எல்லாம் பல எக்ஸ்எம்எல் கோப்புகளில் சிதறிக் கிடந்தன. 2019 இல் ஏபிஐ மனேஜர் 3.0, ஐடென்டிட்டி சேர்வர் 5.9 ஆகியவற்றில் அதை "டிப்ளோய்மென்ட்.டொம்ல்" என்ற ஒரே கோப்புக்குக் கொண்டுவந்தார்கள். பத்துக் கோப்பைத் திறந்து தேடிய ஆட்களுக்கு இது பெரிய ஆறுதல். யோசனை நல்ல யோசனை. ஆனால் எக்ஸ்எம்எல் கோப்புகள் மறையவில்லை. சேர்வர் தொடங்கும்போது டொம்லிலிருந்து அவை மறுபடி உருவாக்கப்படும். பழைய பழக்கத்தில் எக்ஸ்எம்எல்லைக் கையால் திருத்தினால், அடுத்தமுறை தொடங்கும்போது அந்தத் திருத்தம் மேலெழுதப்படும். பதிவில் ஒரு எச்சரிக்கை வரி வரும், உண்மை. ஆயிரம் வரி ஓடும் பதிவில் ஒரு வரி! ஒரு கோப்பு மனிதன் திருத்துவதற்கா, இயந்திரம் எழுதுவதற்கா என்பது அந்தக் கோப்பைத் திறந்தவுடனேயே கண்ணில் குத்தவேண்டும். ரிவியூவில் கேட்கவேண்டிய கேள்வி இது. 5.8 இலிருந்து 5.9 என்ற சின்ன எண் மாற்றத்துக்குள் இவ்வளவு பெரிய மாற்றம் இருக்கலாமா என்பது அடுத்த கேள்வி.

ரிவியூ பண்ணும்போது

கொன்பிக் வாசிக்கும் நிரலை யாராவது "சுத்தம்" செய்து அனுப்பினால், பெயர்வைப்பு, வரி நீளம் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று: பழைய கோப்பு எங்கே? மாற்றத்துக்கு முன்னர் ஓடிய உண்மையான கோப்புகள் சிலவற்றை டெஸ்டுக்குள் வைத்திருக்கிறார்களா? நிரல் எழுதினவரே எழுதிய அழகான மாதிரிக் கோப்பு காணாது. அலங்கோலமான கோப்பு வேண்டும்: நடுவில் வெற்று வரி, கலந்த எழுத்து, கைவிடப்பட்ட புலம், விண்டோஸின் வரிமுடிவு.

இரண்டு: பழைய கோப்பை வாசித்தால் முன்பு கிடைத்த அதே மதிப்புகள் இப்போதும் கிடைக்கின்றனவா? பிழை வராமல் வேறு மதிப்பு கிடைப்பது, பிழை வருவதைவிட ஆபத்து. நிற்கிற வண்டியை விட, பிரேக் இல்லாமல் ஓடுகிற வண்டிதான் ஆளைக் கொல்லும்.

மூன்று: எச்சரிக்கை யாருக்குப் போகிறது? அதைக் காண்கிறவரால் அதைத் திருத்த முடியுமா? முடியாதென்றால் அது எச்சரிக்கையே இல்லை.

நான்கு: விடை நிரலுக்குத் தெரிந்திருந்தால் ஏன் அதுவே செய்யக்கூடாது? அல்லது கோப்பை மாற்றிக்கொடுக்கும் ஒரு சின்னக் கருவியை ஏன் கூடவே தரக்கூடாது?

ஐந்து: வாசிக்கும் மாற்றமும், எழுதும் மாற்றமும், நீக்கும் மாற்றமும் ஒரே குவியலாக வந்திருக்கிறதா? பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். வெட்கப்படத் தேவையில்லை. கிரனோபிள் மாணவர்கள் பிரித்துத்தான் அனுப்பினார்கள்.

ஆறு: தலைப்பு உண்மையைச் சொல்கிறதா? உடைக்கும் மாற்றத்துக்கு "கிளீனப்" என்று பெயர் வைத்திருந்தால், நிரலைப் பார்க்க முதலே திருப்பி அனுப்புங்கள்.

கடைசியாக எங்களுக்கு

திறந்த மூலத்துக்குப் பங்களிக்க வேண்டும் என்று இங்கே கனக்க இளையவர்கள் ஆசைப்படுகிறார்கள், நல்ல விசயம். முதல் பங்களிப்புக்கு எல்லாரும் தேடுவது இலகுவான ஒன்றை. இலகு எண்டால் பெயர் மாற்றுவது, பழைய வரியை அழிப்பது, வடிவத்தை ஒழுங்காக்குவது. சீவியில் போட நல்லாத்தான் இருக்கும். ஆனால் எங்களிடம் வேறு ஒன்று இருக்கிறது, அதை நாங்கள் மதிப்பதில்லை. பழைய லப்டொப், இடையில் அறும் இணையம், மூன்று வருடத்துக்கு முந்திய டியூட்டோரியல், யாரோ விட்டுப்போன சேர்வர் ஆகியவற்றோடு மாரடித்த அனுபவம். புதுக் கணினியில் ஆகப் புதிய பதிப்பை மட்டும் ஓட்டிப் பார்க்கிறவருக்குத் தெரியாத உடைவுகள் எங்களுக்குத் தெரியும்.

அந்த அறிவை ரிவியூவுக்குக் கொண்டுபோங்கள். ஒரு வரி நிரலும் எழுதத் தேவையில்லை. அடுத்தமுறை ஒரு புரொஜெக்டில் கொன்பிக் வாசிக்கும் பகுதியைச் சுத்தம் செய்யும் மாற்றம் ஒன்று திறந்திருப்பதைக் கண்டால், உங்களிடம் இருக்கும் ஆகப் பழைய கோப்பை எடுத்து அந்தக் கிளையில் ஓட்டிப் பாருங்கள். உடைந்தால் கோப்பையும் பிழைச்செய்தியையும் அப்படியே ஒட்டி, "இது நேற்றுவரை ஓடியது" என்று கீழே எழுதுங்கள். பத்து நிமிச வேலை. கட்டைவிரல் காட்டினவர்கள் எல்லாரையும் விட அந்த ஒரு வரியால் அந்த மென்பொருளுக்கு நன்மை கூட.